உலைப்பாளையத்தில் உலோகங்கள் பிரிந்த ஒன்பது நாள்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், பால்காரரின் மணியோசை கேட்கும் வேளையில், உலைப்பாளையத்தின் முதல் வீதியில் கலந்து கிடந்த உலோகங்கள் யாவும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன. டீக்கடை அருணகிரியின் பித்தளை பாய்லரிலிருந்து துத்தநாகம் இறங்கி, யாரோ படிவைத்து அளந்து கொட்டியதுபோல் அதன் காலடியில் சாம்பல் நிறத்தில் குவிந்திருக்க, எஞ்சிய செம்பு தேன்கூடாக நின்று தன் கண்களிலெல்லாம் வெந்நீரைக் கசியவிட்டது. எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்த அலமாரிகளில், டம்ளருக்கு மூன்றாக, கரிய இரும்பும் வெளிறிய குரோமியமும் மஞ்சள் சாயல்கொண்ட நிக்கலும் சின்னஞ்சிறு குவியல்களாக வரிசைகட்டியிருந்தன. பூட்டுகள் சாவியின்றித் திறந்துகொண்டன, சாவிகளும் இல்லை. ரேடியோக்களுக்குள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருந்த பற்றவைப்பு, ஈயம் ஒருபுறமும் வெள்ளீயம் ஒருபுறமுமாக உதிர்ந்ததால் வானிலை அறிக்கை பாதியில் நின்றது. கழுத்துச் சங்கிலிகளில் தங்கம் மெழுகாக இளக, அதைவிட்டு விலகிய செம்பு பெண்களின் தோளில் மருதாணிபோல் சிவந்து கிடந்தது.

“இன்னைக்கு டீ இல்லீங்க,” என்றார் அருணகிரி, வந்தவர்களிடமெல்லாம். “பாய்லர் பாகம் பிரிச்சுக்கிச்சு.”

கோயமுத்தூருக்குக் கிழக்கே பம்புசெட்டுகளையும் அவற்றின் உள்ளுறுப்புகளையும் வார்த்துக் கொடுத்துப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. உலோகத்தின் போக்கு எங்களுக்குப் பழக்கம் என்பதால், இது ஏன் நடந்தது என்று யாரும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இரண்டாம் நாள் இரண்டாம் வீதியிலும் மூன்றாம் நாள் மூன்றாம் வீதியிலும், அதே மணியோசைக்கு, அதே ஒழுங்கில் அது நடந்தபோது, குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்துக்கொள்வதுபோல் ஊர் இதற்கும் முறை கணக்கிட்டுக்கொண்டது. மொத்தம் ஒன்பது வீதிகள். முறை வந்த வீட்டார் கதவுகளைக் கயிற்றால் கட்டினார்கள், மண்சட்டியில் சமைத்தார்கள், பிரிந்தவற்றைக் கூட்டியள்ளி டப்பாக்களில் போட்டுக் காகிதம் ஒட்டினார்கள். துத்தநாகத்தைச் சீயக்காய்த் தூளென்று எண்ணித் தலையில் தேய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கம்பிகளுக்குள் இருந்தது சுத்தச் செம்பு என்பதால் மின்சாரம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் வீதிக்காரர் ஒருவர் முதல் நாளே தம் புதுக் காரை எடுத்துக்கொண்டு பல்லடத்துக்குப் போய்விட, மறுநாள் மணியடிக்கும் நேரத்தில் அந்தக் கார் பல்லடத்திலேயே, ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், பத்துப் பன்னிரண்டு குவியல்களாக அமர்ந்துவிட்டது. இந்தப் பிரிவு ஊரைப் பார்த்து நடக்கவில்லை, முகவரியைப் பார்த்து நடக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

இரண்டாம் நாள் மாலை, உலோக வியாபாரிகள் சங்கத் தலைவர் சி. திருமலைசாமி ஊரைக் கூட்டினார். மைக் அன்று காலையில்தான் பிரிந்திருந்ததால் அவர் கத்தியே பேச வேண்டியிருந்தது.

“பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லாம் அததோட சுத்தத்துக்குத் திரும்பீருச்சு. கலப்பு ஒழிஞ்சுது. இது நல்ல சகுனமுங்க.”

“ஏனுங்க தலைவரே, சுத்தமான செம்புல டீ ஒழுகுதுங்களே, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க,” என்றார் அருணகிரி.

கூட்டம் சிரித்தது; சிரித்த கையோடு, பின்வரிசையில் நின்ற பூங்கோதையைப் பார்க்காதிருக்க எல்லோரும் வேறு எங்கெங்கோ பார்த்தார்கள். பூங்கோதை, திருமலைசாமியின் கூடப்பிறந்த தங்கை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறு சாதிக்காரரான வார்ப்படத் தொழிலாளி மாசிலாமணியை அவள் கட்டிக்கொண்டபோது, அவளுடைய தகப்பனார் சின்னமுத்து கேட்டைச் சாத்துமுன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “போறவ என்ற எழுத்த உட்டுட்டுப் போ.” அவள் விட்டுவிட்டுப் போனாள். அன்றுமுதல் அவர் பெயரின் முதலெழுத்தோடு ‘சி. பூங்கோதை’ என்று எங்கும் கையெழுத்துப் போட்டதில்லை, ‘மா. பூங்கோதை’ என்றே போட்டாள். எழுத்துதான் அவளுக்குத் தொழிலும்கூட. முதல் வீதியில் பீர் முகமது பாயின் பாத்திரக்கடை வாசலில் அமர்ந்து, பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பாள். பேனாவைவிடச் சற்றுத் தடித்த, பிடித்தால் வண்டுபோல் அதிரும் அந்த மின்சார மெஷின் முதல் வீதியின் முறையன்று பிரியாமல் தப்பியிருந்தது. ஏன் தப்பியது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து அவள் தலைகுனிந்து போகவில்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது. அவர்கள் வீடு ஒன்பதாம் வீதியில். மாசிலாமணியின் இடது தொடைக்குள், எலும்பின் நடுவே, ஒரு முழ நீளத்துக்கு எவர்சில்வர் ராடு ஒன்று இருந்தது. பங்குனியில் மழைத் தெருவில் மொபெட் சறுக்கி எலும்பு முறிந்தபோது, தன் சங்கிலியை விற்று அவள் வாங்கிக் கொடுத்த ராடு அது.

மூன்றாம் வீதியில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த வெள்ளி பிரிந்து, அதிலிருந்த பாதரசம் ஒரு சிறு முத்தாக அவர் நாக்கில் உருண்டது. அதை அவர் உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டு வீடுவீடாகக் காட்டினார். உடம்புக்குள் இருந்தாலும் தப்பாது என்பது அப்படித்தான் தெரிந்தது. அன்றே மாசிலாமணியும் பூங்கோதையும் எலும்பு டாக்டர் ஜெசிந்தாவைப் போய்ப் பார்த்தார்கள்.

“எலும்பு இன்னும் கூடலை. மூணு மாசமாவது ஆகும்,” என்றார் டாக்டர். “ராடை எடுத்துட்டா வேற என்னத்தை வைக்கறது? சுத்த இரும்பு வளையும். சுத்தச் செம்பு குழையும். தங்கம் மெழுகு. ஒரு மனுஷனோட எடையத் தாங்கற மாதிரி சுத்தமா எதுவுமே கிடையாதுங்க.”

“தெரியுமுங்க டாக்டர். முப்பது வருசமா எம்பத்தெட்டு செம்பு, பத்து வெள்ளீயம், ரெண்டு துத்தநாகம்னு கலக்கி ஊத்தறவனுங்க நானு.”

“எடுக்காம விட்டா?” என்று கேட்டாள் பூங்கோதை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தின் முன் பிடித்து, எலும்புக்குள் வெண்மையாக நின்ற அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று குவியல்களாக அதை நினைத்துப் பார்க்க மூவருக்கும் மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் ஊரெங்கும் ஒரு புதிய பேச்சு. மூன்றாம் வீதியில் எல்லாம் பிரிந்த வீடுகளிலும், வீட்டுக்கு ஒன்றிரண்டாக, சில பாத்திரங்கள் முழுசாக நின்றன. நின்றவை எல்லாம் பெயர் வெட்டியவை. மாலைக்குள் பாத்திரக்கடை வாசலில் வரிசை நின்றது. நான்காம் வீதிக்காரர்கள் குடத்தையும் தூக்குப்போசியையும் மட்டுமல்ல, சைக்கிளையும் தையல் மெஷினையும் கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரவர் பெயரை அவரவர் பொருளில், பொழுது சாயும்வரை பூங்கோதை வெட்டினாள். மறுநாள் மணியடித்தபோது அத்தனையும் பிரிந்தன. அவள் வெட்டிய எழுத்துகளின் வழியாகவே விரிசல் ஓடியிருந்தது.

“ஏம்மா, உன் எழுத்துல ஏதும் பிழையா?” என்று கேட்டார் பீர் முகமது பாய், கோபமாக அல்ல.

“இருபது வருசத்துல ஒரு கால் விட்டதில்ல பாய், ஒரு கொம்பு விட்டதில்ல. வாங்க, போய்ப் படிச்சுப் பாக்கலாம்.”

இருவரும் நான்காம் வீதியில் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். நின்ற பாத்திரங்களை அவள் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். ஒரு வீட்டில் நின்றது கல்யாணத்துக்கு வந்த குடம். அதில் கொடுத்தவர் பெயர். இன்னொரு வீட்டில் நின்றது சாம்பார் வாளி. அது பக்கத்து வீட்டுக்காரியுடையது, ஆறு வருடமாகத் திருப்பித் தரப்படாதது.

“அட, இது இங்கயா இருக்குது? நான் எங்கெங்கயோ தேடறேன்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாதில்லீங்கக்கா. ஏதாச்சும் போட்டுக் கொண்டாறலாம்னுதான்…” என்று இழுத்தாள் அந்த வீட்டுக்காரி.

“ஆறு வருசமா என்னத்தப் போடறதுன்னே தெரியலயாக்கும்.”

பூங்கோதை அங்கேயே படியில் அமர்ந்துவிட்டாள். “பாய், நிக்கறது எல்லாமே அடுத்தவங்க பேரு இருக்கறது. தன் பேரு போட்டது தாங்கலை. கொடுத்தவங்க பேரு போட்டதுதான் தாங்குது.” பிறகு தன் பையிலிருந்த மெஷினை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஆணியால் கீறிய எழுத்து: லூர்துசாமி, திருச்சி. முன்பு அதை வைத்திருந்து, தொழிலை விட்டபோது பாயிடம் கொடுத்துப் போனவர்.

ஐந்தாம் நாளிலிருந்து எங்கள் ஊர் வேறுவிதமாக வாழக் கற்றுக்கொண்டது. எதை வைத்துக்கொள்ள விரும்பினாலும் முதலில் அதை மனதார ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் தம் பெயரை அதில் வெட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமனே ஒரு பெயரைப் பொறித்தால் போதாது. தம் சைக்கிளில் ஒரு சினிமா நடிகரின் பெயரை வெட்டிக்கொண்டவர் மறுநாள் நடந்துதான் வந்தார். வார்ப்படச் சாலையில் உலோகம் உருக்கும் மூசைக்குள் எவ்வளவு காய்ச்சினாலும் செம்பும் வெள்ளீயமும் எண்ணெயும் தண்ணீருமாக அடுக்கடுக்காகவே நின்றன; வாங்கப் போகிற விவசாயியை வரவழைத்து, மணல் அச்சில் அவர் பெயரை அவரையே விரலால் எழுதச் சொல்லி வார்த்தபோதுதான் கலந்தன. நொண்டிக் காலுடன் ஓரமாக நின்று அதைப் பார்த்த மாசிலாமணி, ‘எம்பத்தெட்டு, பத்து, ரெண்டு’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். ஆறாம் வீதியின் குக்கர்களில் ஐந்தாம் வீதியின் பெயர்கள் விசில் அடித்தன. எந்தெந்த வீடுகளுக்கிடையே தண்ணீர் டம்ளர்கூடக் கைமாறியதில்லையோ, அந்த வீடுகளுக்கிடையே இப்போது அண்டாக்கள் போய்வந்தன. தூரத்துப் பெயராக இருந்தால் அதிக நாள் பளபளப்பாக இருக்கும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். சொந்தபந்தத்துக்குள்ளேயே மாற்றிக்கொண்டவர்களின் பாத்திரங்கள் மட்டும், காலை மணிக்குத் தப்பி நின்றதைச் செய்தியாகச் சொல்லி முடிப்பதற்குள், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பிரிந்தன.

ஏழாம் நாள் மாலை, கடை வாசலில் வரிசை கலைந்த பிறகு, திருமலைசாமி வந்து நின்றார். அவர் வீடு எட்டாம் வீதியில்.

“அம்மிணி,” என்றார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. வந்த சொல்லைத் தாமே கேட்டு அவர் சற்று நிதானித்தார். “ஊட்டுச் சாமானமெல்லாம் பங்காளிக கிட்ட மாத்தியாச்சு. மத்தியானத்துக்கு மேல நிக்காதுங்கறாங்க. சாமான் போனாப் போவுது. அந்த இரும்பு கேட்டு, அதுலயும் கரி கலந்திருக்குதாம், அது அப்பா வெச்சது. அதுல உன் பேரப் போட்டுக் குடு.”

“கேட்டை நீங்க எனக்குக் குடுக்கோணுமே அண்ணா. அப்பத்தான் நான் திருப்பிக் குடுக்க முடியும்.”

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “குடுத்தேன். எடுத்துக்கோ.”

அவள் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு நடந்தாள். சாத்தியபோது பார்த்த அதே கேட். பச்சை மட்டும் நீலமாகியிருந்தது. தாழ்ப்பாளுக்கு மேலே பெயிண்டைச் சுரண்டி, இடம் பார்த்து, மெஷினை வைத்தாள்.

“அப்பா எழுத்தையே போட்டுக்கோ அம்மிணி,” என்றார் அவர், வேறுபக்கம் திரும்பிக்கொண்டு. “சி. பூங்கோதைன்னு.”

மெஷின் சிறிது நேரம் எதையும் தொடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. “போட்டா நான் கூடப்பிறந்தவளாயிருவேன் அண்ணா. மத்தியானத்துக்குள்ள கேட்டு விழுந்துரும்.”

அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. புருஷனின் எழுத்தைப் போட அவளுக்கு அந்தக் கேட்டின் முன் மனம் ஒப்பவில்லை. அப்பாவின் எழுத்தைப் போடவும் வழியில்லை. அதனால், வாழ்நாளில் முதல்முறையாக, முன்னால் ஓர் எழுத்தும் புள்ளியும் இல்லாமல், ‘பூங்கோதை’ என்று மட்டும் வெட்டினாள். பெயர் கொஞ்சம் குளிரில் நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் மாசிலாமணி காலை நீட்டி அமர்ந்திருந்தார். எட்டாம் நாள் விடிந்தால் மிச்சம் ஒரே நாள். ராடில் பெயர் வெட்ட வழியில்லை. வெட்ட வழியிருந்தாலும், கொடுத்தவள் பூங்கோதை என்பதால் அவள் பெயரைத்தான் வெட்ட வேண்டும். மனைவி அடுத்தவளா, இல்லையா என்பதைப் பற்றி ஊரில் யாருக்கும் துணிந்து சொல்லத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் இருவரும் ஒன்று என்றுதான் அச்சடித்திருந்தது.

“ஒண்ணுன்னா நான் காலி,” என்றார் மாசிலாமணி. “ஏம் புள்ள, ஒரு சண்டையாச்சும் போட்டு வெச்சுக்கலாமா? ரெண்டு பேருன்னு ஊருக்குத் தெரியட்டும்.”

“சண்டை போடாத நாளு எது? சட்டியில ஒட்டாமக் கிண்டுங்கன்னு சொன்னனே, கிண்டுனீங்களா?”

“அதுவே போதும்,” என்றார் அவர்.

எட்டாம் நாள் காலை, மணியடித்து முடிந்ததும் அவள் எட்டாம் வீதிக்குப் போனாள். அங்கே பெண்கள் பலர் தங்கள் பெயரைக் கணவர்களின் பொருள்களில் வெட்டி வாங்கியிருந்தார்கள். சில நின்றன, பல பிரிந்திருந்தன. யார் வீட்டில் எது பிரிந்தது என்று பார்ப்பதில்லை என அங்கிருந்தவர்கள் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். பூங்கோதை மட்டும் பார்த்தாள். மனிதர்களை அல்ல, எழுத்துகளை. பிரிந்தவற்றில் எல்லாம், அவளே வெட்டியவை என்பதால் நினைவிருந்தது, மனைவியின் பெயருக்கு முன்னால் கணவனின் எழுத்து இருந்தது. நின்றவற்றில் இல்லை. சம்பளப் பட்டியலில் தகப்பனாரின் பழைய எழுத்தே நிற்கும் ஒரு டீச்சரம்மா தன் கணவருக்குக் கொடுத்திருந்த ஸ்கூட்டர், முழுசாக, ஆடிச் சாரலில் நனைந்துகொண்டு நின்றது. வீதியின் கடைசியில் அந்த நீல கேட் நின்றது. திருமலைசாமி அதைப் பிடித்தபடி, திறக்கவும் இல்லாமல் சாத்தவும் இல்லாமல் நின்றிருந்தார்.

“மத்தியானம் வரைக்கும் பாத்துட்டுச் சொல்றேன்,” என்றார் அவர்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒன்பதாம் வீதிக்கு அவரே நடந்து வந்து, வாசலில் நின்று, “நிக்குது அம்மிணி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் அந்த வீதிக்குள் வந்தது அதுவே முதல்முறை.

ஒன்பதாம் நாள், கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது, பூங்கோதை மெஷினின் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் முனையை மாசிலாமணியின் தொடைமேல், தழும்புக்குச் சற்று மேலே, வைத்தாள். அதிர்வு தோலுக்குள் இறங்கி, சதைக்குள் இறங்கி, எலும்பைத் தாண்டி, உள்ளே எதன்மீதோ சென்று கிண்ணென்று முட்டியதைத் தன் மணிக்கட்டில் அவள் உணர்ந்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே ‘மா’ போடப் போனது. முதல் கோடு விழுமுன் நிறுத்திக்கொண்டாள். அந்த எழுத்தை விட்டால் அவரையே விட்டுவிடுவதுபோல் இருந்தது.

“என்னாச்சு?” என்றார் அவர்.

“உங்க எழுத்தைப் போடலீங்க.”

“அது எங்கிட்டத்தான் இருக்குதே. உன்றதக் குடு.”

அவள் ‘பூ’ எழுதினாள். ‘ங்’ எழுதினாள். ஒவ்வொன்றையும் பித்தளைக் குடத்தில் எழுதுவதுபோல் நிதானமாக, சுழி தவறாமல் எழுதினாள். ‘கோ’வை முடித்து ‘தை’யில் இறங்கும்போது முனை தொடையின் உட்பக்கத்துக்கு வந்துவிட, ஒன்பது நாளாகப் பயத்தை அடக்கிக்கொண்டிருந்த மாசிலாமணி கூச்சம் தாங்காமல் உரக்கச் சிரித்துவிட்டார். சிரிப்பில் காலும் கட்டிலும் குலுங்கின. அவர் சிரிப்பு அடங்குமுன் தெருவில் பால்காரரின் மணியடித்தது.

ஒன்பதாம் வீதி முழுவதும், பெயர் மாற்றிக்கொள்ள மறந்த ஊசிகளும் கொக்கிகளும் ஆணிகளும் பிரிகிற ஓசை, மெல்லிய மணல் சரிவதுபோல், வீட்டுக்கு வீடு கடந்து போனது. அவர்கள் வீட்டுக்குள் வந்தது, அலமாரியில் எதையோ உதிர்த்தது, கட்டிலருகே சற்று நின்றதுபோல் இருந்தது, பிறகு பின்கதவு வழியாக ஊர் எல்லையைக் கடந்து குளத்துப் பக்கம் போய்விட்டது. அதன்பிறகு அது எங்கள் ஊருக்கு வரவில்லை.

மாசிலாமணி காலைத் தரையில் வைத்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு கட்டிலை விட்டார்.

ஐப்பசியில், எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்க, டாக்டர் ஜெசிந்தா மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தின் முன் பிடித்தவர், எலும்பைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, எலும்புக்குள் வெண்மையாக நின்ற ராடையும் அதன்மேல் வரிசையாக இருந்த நான்கு எழுத்துகளையும் வாய்க்குள் படித்தார்.

“நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க,” என்றார். “கடைசி எழுத்துல மட்டும் கை நடுங்கிருச்சா? ‘தை’யோட வால் இழுத்துக்கிட்டுப் போயிருக்கே.”

“இல்லீங்க டாக்டர்,” என்றாள் பூங்கோதை. “அந்த இடத்துல இவரு சிரிச்சுட்டாரு.”